அம்பாசடருக்கு டிஸ்க் பிரேக்: போல்ட் பொருந்தினால் போதுமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். அப்பா காலத்து 1984 டீசல் அம்பாசடர். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் இல்லை, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்புவது ஒரே லைன். குடும்பத்தோடு கொடைக்கானல் போய்த் திரும்பும்போது பெருமாள்மலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கருகிய வாசனை, அப்புறம் பெடல் பொசுக்கென்று கீழே போய்விட்டது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து ஓரங்கட்டியிருக்கிறீர்கள். அரை மணி நேரம் நின்றதும் பெடல் பழையபடி வந்துவிட்டது. இப்போது திருமங்கலத்தில் உங்கள் மெக்கானிக், காயலான் கடையில் கிடக்கும் பிந்தைய இசுஸு எஞ்சின் அம்பாசடரின் முன் டிஸ்க்கைக் காட்டி, "அப்படியே போல்ட் ஆயிரும்ண்ணே" என்கிறார். மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அந்த டிஸ்க் இந்த வண்டியில் உட்காருமா என்பது ஒன்று. அடுத்த முறை மலையிறங்கும்போது வண்டி நிற்குமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு "ஆமாம்" என்று பதில் வந்துவிட்டால் இரண்டாவதற்கும் வந்துவிட்ட மாதிரி தோன்றும், அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, மதுரையில் பல வருடங்களாக பிரேக் வேலையையே பிழைப்பாக வைத்திருப்பவன். டாக்ஸியாக ஓடிய அம்பாசடர்கள் நிறைய என் கை வழியாகப் போயிருக்கின்றன. ஆனால் உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. நாற்பது வருட வண்டியில் எந்தப் பட்டறையில் எதை மாற்றினார்கள் என்பது கழற்றினால்தான் தெரியும். அதனால் எந்த வண்டிக்கும் பொருந்துகிற விஷயங்களை அடித்துச் சொல்கிறேன். உங்கள் வண்டியில் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிற இடங்களை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

மலையிலிருந்து தொடங்குவோம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரம் 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1,800 மீட்டர் இறக்கம். அந்த உயரத்தை இறங்கும்போது வண்டி இழக்கும் ஆற்றல், சமதளத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒருமுறை முழுதாக நிறுத்தும்போது பிரேக் விழுங்கும் ஆற்றலைப் போல ஏறத்தாழ 70 மடங்கு. வண்டியில் இரண்டு பேர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் தாங்க வேண்டும், அல்லது பிரேக் தாங்க வேண்டும். மூன்றாவது, நான்காவது கியரில் இறங்கினால் எஞ்சின் ஒதுங்கிக்கொள்ளும், எல்லாச் சூடும் டிரம்முக்குப் போகும். டிஸ்க் மாட்டினாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை. சூட்டைச் சீக்கிரம் காற்றில் விடும் என்பதுதான் டிஸ்க்கின் லாபம்.

சூடான பிரேக் மூன்று விதமாகக் கைவிடும், மூன்றுக்கும் காலுக்குத் தெரியும் அடையாளம் வேறு. டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் சூடேறிப் பிடிமானத்தை இழந்தால் பெடல் கட்டை போல இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகினால் பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும், ஆனால் இரண்டு முறை அடித்தால் மேலே வரும். பிரேக் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொடும், அடித்தாலும் சரியாக ஏறாது, ஆறியதும் எதுவுமே நடக்காதது போல் திரும்பி வரும். நீங்கள் சொல்லும் அடையாளம் பெரும்பாலும் மூன்றாவதுதான். கருகிய வாசனை இருந்ததால் முதலாவதும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். ஒரே லைன் உள்ள வண்டியில் ஒரு சக்கரத்தில் ஆயில் கொதித்தாலும் நான்கு சக்கரத்துக்கும் அழுத்தம் போய்விடும். உங்களுக்கு நடந்தது சின்ன விஷயமில்லை.

எனவே டிஸ்க் பேச்சை எடுப்பதற்கு முன் நான் கேட்கும் கேள்வி: பிரேக் ஆயிலை முழுதாக மாற்றி எத்தனை வருடம் ஆகிறது? பெரும்பாலான வீடுகளில் குறையும்போது ஊற்றுவார்களே தவிர மாற்றுவதில்லை. இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கணக்கு. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அதே ஆயிலுக்கு 140 டிகிரிதான் கணக்கு. டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரம் ஏறியபின் 155. தொடர்ந்து மிதித்துக்கொண்டே மலையிறங்கும் வண்டியில் அந்தச் சூடு வெகு சுலபமாக வரும். ஆயிலை வெளியே விடும் ப்ளீடிங் நிப்பிளில் கண்ணாடி போலத் தெரியும் டியூப் மாட்டி, சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரிலிருந்து கொஞ்சம் ஆயில் எடுத்துப் பாருங்கள். டீ டிக்காஷன் நிறத்தில், அடியில் கறுப்புத் தூளோடு வந்தால் அதன் காலம் முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. டாட் 4 வாங்கி, நான்கு சக்கரத்திலும் சுத்தமான ஆயில் வரும்வரை ப்ளீடிங் செய்யுங்கள். அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். சிலிக்கான் வகையான டாட் 5 என்று ஒன்று உண்டு, அதை இதோடு கலக்கவே கூடாது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் கப் எல்லாம் ஊதிப்போகும்.

அடுத்தது டிரம். கழற்றியவுடன் ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங் தூளில் கல்நார் இருக்கலாம், அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். லைனிங் கண்ணாடி போலப் பளபளத்தால் சூட்டில் இறுகிவிட்டது என்று அர்த்தம். உப்புத்தாளால் தேய்த்து ஓட்டும் பழக்கம் இருக்கிறது, மலைக்குப் போகிற வண்டிக்கு அதை நான் ஒத்துக்கொள்வதில்லை. ஷூவைப் புதிதாக லைனிங் போட்டு வாங்குவதே சரி, அதுவும் முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே கம்பெனி, ஒரே ரகம். டிரம்மின் உள்விளிம்பில் விரலை ஓட்டினால் படிக்கட்டு போல ஒரு விளிம்பு தட்டும், அதுதான் தேய்மானம். லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கலாம்தான். ஆனால் டிரம்மில் அதிகபட்ச விட்டம் பொறித்திருந்தால் அதைத் தாண்டக் கூடாது. டிரம் மெலிந்தால் சூட்டைத் தாங்கும் இரும்பு குறைகிறது, இன்னும் சீக்கிரம் விரிகிறது.

கடைந்த டிரம்மும் புது லைனிங்கும் ஒன்றுக்கொன்று உட்காருகிறதா என்று பார்க்கப் பழைய ஆட்கள் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது, இன்று யாரும் மெனக்கெடுவதில்லை. டிரம்முக்குள் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டு மாட்டி, இன்னொருவரை லேசாகப் பெடலில் கால் வைக்கச் சொல்லிச் சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். லைனிங்கில் வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் பிடிக்கிறது. இரண்டு நுனியில் மட்டும் வெள்ளை இருந்தால் அந்த பிரேக் பாதி பிரேக்தான். அங்கே சூடும் குவியும். முழு நீளத்துக்கும் ஓரளவு சீராக வெள்ளை விழும்வரை லைனிங்கை அரம் போட்டுச் சரிசெய்ய வேண்டும். இந்த ஒரு வேலைக்கு அரை நாள் போகும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்த டிரம் அம்பாசடர் கொடைக்கானலிலிருந்து இரண்டாம் கியரில் நிம்மதியாக இறங்கும். இந்த வண்டிகள் இதே பிரேக்கோடுதான் கொடைக்கும் ஊட்டிக்கும் டாக்ஸியாக ஓடின. எனவே டிஸ்க் உங்களுக்கு அவசியமா என்றால், அவசியம் இல்லை. ஆனால் பிரயோஜனம் இருக்கிறதா என்றால் இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப மிதித்தாலும் டிஸ்க் சீக்கிரம் ஆறும். சூட்டில் தட்டு விரிந்தாலும் அதை இரண்டு பக்கமும் பிடிக்கும் பேடை நோக்கித்தான் விரியும், விலகிப் போகாது. மழையில் கர்டர் பாலத்தடியில் தேங்கிய தண்ணீருக்குள் வண்டியை விட்டு எடுத்தால் டிரம் பிரேக் கொஞ்ச தூரத்துக்குச் செத்துக் கிடக்கும், டிஸ்க் சட்டென்று உதறிக்கொள்ளும். ஒரு பக்கம் இழுக்கும் தொல்லையும் குறைவு. ஆனால் நிற்கும் தூரம் பாதியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடைசியில் வண்டியை நிறுத்துவது டயரும் ரோடும்தான். இப்போதிருக்கும் டிரம்மே முன்சக்கரத்தைச் சுற்றவிடாமல் பூட்டி நிறுத்துகிறது என்றால், அந்த ஒரு மிதியில் டிஸ்க் அதைவிடச் சீக்கிரம் நிறுத்த முடியாது. தேய்ந்த டயரை மாற்றினால் அதைவிட அதிக லாபம்.

சரி, மாட்டத்தான் வேண்டும் என்றால் என்னென்ன மாறும்? இங்கேதான் "அப்படியே போல்ட் ஆயிரும்" என்ற பேச்சோடு எனக்குச் சண்டை. டிரம்மில் லீடிங் ஷூ இருக்கிறதே, அதைச் சுற்றும் டிரம்மே இன்னும் உள்ளே இழுத்து அழுத்திக்கொள்ளும். நாம் மிதிப்பது பாதி, டிரம் தானாகச் சேர்த்துக்கொள்வது பாதி. டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. அதே நிறுத்தும் விசைக்கு பேடை மூன்று, நான்கு மடங்கு வலுவாக அழுத்த வேண்டும். அதற்காகத்தான் பேடை அழுத்தும் காலிபரின் பிஸ்டன் அவ்வளவு பெரியதாக இருக்கிறது, அதற்காகத்தான் பூஸ்டர். பூஸ்டர் இல்லாமல் டிஸ்க்கை மட்டும் மாட்டினால் இரண்டு காலையும் வைத்து மிதிக்கிற நிலை வரும்.

பூஸ்டரையும் கழற்றி வந்துவிடலாம் என்றால், உங்கள் வண்டி டீசல். பூஸ்டர் வேலை செய்வது எஞ்சின் உறிஞ்சும் வாக்குவத்தில். பெட்ரோல் எஞ்சினில் திராட்டிலுக்குப் பின்னால் அந்த உறிஞ்சல் சும்மா கிடைக்கும். டீசலில் பொதுவாக அது கிடைக்காது, தனியாக வாக்குவம் பம்ப் வேண்டும். பல டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்திலேயே அந்த பம்ப் இருக்கும், எஞ்சின் ஆயில் லைன் அதற்குப் போகும். காயலான் கடை வண்டி இசுஸு பெட்ரோலா டீசலா என்று நீங்கள் எழுதவில்லை. பெட்ரோல் என்றால் அதில் உங்களுக்குத் தேவையான பம்ப் இருக்காது. இதற்கு வழி செய்யாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம். இன்னொன்றும் உண்டு: பூஸ்டர் மாட்டிய பிறகு இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் அதை அன்றைக்கே விட்டுவிட வேண்டும். எஞ்சின் நின்றபின் பூஸ்டரில் மிச்சமிருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான்.

மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பழைய சிலிண்டர் வீல் சிலிண்டர்களுக்குத் தேவையான கொஞ்சம் ஆயிலைத் தள்ளப் பிறந்தது. பெரிய காலிபருக்கு அது போதாமல் பெடல் தரை வரை போகலாம். அதற்காகக் கிடைத்த பெரிய சிலிண்டரைப் போட்டால் வேறு விதமாக மாட்டிக்கொள்வீர்கள். உதாரணத்துக்கு முக்கால் அங்குல போரிலிருந்து (உள்விட்டம்) ஏழெட்டாம் (7/8) அங்குலத்துக்கு, அதாவது 19 மில்லிமீட்டரிலிருந்து 22-க்குப் போனால், அதே கால் பலத்துக்கு லைனில் வரும் அழுத்தம் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில், லைனில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் சின்ன வால்வு ஒன்றும் இருக்கும். டிஸ்க் லைனில் அது இருந்தால் பேட் தட்டை விடவே விடாது, ஓடிக்கொண்டே சூடாகும். தப்பிக்கப் போய் அதே சூட்டில் விழுந்த கதை. எனவே டிஸ்க், காலிபர், பூஸ்டர், இரண்டு லைன் உள்ள டேண்டம் மாஸ்டர் சிலிண்டர், முடிந்தால் பெடல் பிராக்கெட், எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒரே செட்டாக வர வேண்டும். ஒன்று முழு செட், இல்லையென்றால் எதுவும் வேண்டாம். என்னைக் கேட்டால் அந்தச் செட்டில் உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது டிஸ்க்கைவிட டேண்டம் சிலிண்டர்தான். ஒரு லைன் போனாலும் இன்னொன்று நிற்கும்.

இனி பார்த்துத்தான் சொல்ல வேண்டிய பகுதி. ஸ்டப் ஆக்சில், வீல் பேரிங், ஹப் மூன்றும் உங்கள் 1984 வண்டியில் இருப்பதும் அந்த வண்டியில் இருப்பதும் ஒன்றா என்பது எழுத்தில் தீர்கிற விஷயமில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளக்க வேண்டும். ஒன்றாக இல்லையென்றால் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளோடு சேர்த்து எடுப்பார்கள், அப்போது ஸ்டியரிங் ஆர்மின் நீளமும் கோணமும் மாறுகிறதா என்று பார்க்காமல் மாட்டக் கூடாது. காலிபருக்கும் ரிம்முக்கும் நடுவில் இடம் இருக்கிறதா என்று பார்க்க, காலிபர் மேல் களிமண் உருண்டை ஒட்டிச் சக்கரத்தை மாட்டிச் சுற்றிக் கழற்றுங்கள். எங்கே நசுங்கியிருக்கிறதோ அது தெரிந்துவிடும். பைப் நட்டில் இன்னும் கவனம் வேண்டும். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் அங்குலக் கணக்குத் திரெட், புதியவற்றில் மெட்ரிக் இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றெட்டாம் (3/8) அங்குல நட் 9.5 மில்லிமீட்டர், மெட்ரிக் துளை 10 மில்லிமீட்டர். இரண்டின் மரைகளும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் நட் உள்ளே ஏறும், முறுக்கினால் பிடித்த மாதிரியும் இருக்கும். அவசரமாக ஓங்கி மிதிக்கிற அன்றைக்குத்தான் மரை பிய்த்துக்கொண்டு வரும். டெஃப்லான் டேப் சுற்றிச் சமாளிக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

காயலான் கடை டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், மைக்ரோமீட்டரால் அளந்து அதற்கு மேலே இருந்தால் மட்டும் எடுங்கள். காலிபர் பிஸ்டனில் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும். சீல், ஹோஸ், செப்பு வாஷர் மூன்றையும் பழையதில் எடுக்கவே வேண்டாம், ஒர்க்‌ஷாப் ரோட்டில் புதிதாகத் தேடுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி ஹோஸ் எங்கேயும் இழுபடவில்லை, டயரில் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2014-இல் மேற்கு வங்கத்து உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் தயாரிப்பு நின்றுவிட்டது. அதனால் இன்று மாட்டுகிற சாமானுக்கு நாளைக்கு மாற்று கிடைக்குமா என்பதையும் வாங்கும்போதே யோசிக்க வேண்டும். காலிபர் கிட் எண்ணை எழுதி வைத்து இரண்டு செட் வாங்கிப் போட்டுவிடுவது நல்லது.

பின் டிரம்மைத் தொடாதீர்கள். கைப்பிரேக் அதில்தான் இருக்கிறது, அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முன்னால் பூட்டினால் ஈர ரோட்டில் வண்டி பம்பரம் சுற்றிவிடும். முன்னால் பலம் கூடினால் பரவாயில்லை, பின்னால் கூடவே கூடாது. பழைய ஸ்விஃப்ட்டுக்குப் புதிய மாடல் பிரேக் மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். 2019 ஏப்ரலிலிருந்து இங்கே விற்கும் புதுக் கார்களுக்கு, சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் கட்டாயம். அவற்றில் பின்சக்கரத்துக்கு எவ்வளவு அழுத்தம் போகலாம் என்பதை எலெக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்கிறது. அந்தச் சாமானை ஏபிஎஸ் இல்லாத வண்டியில் மாட்டினால் காவலாள் இல்லாத கேட் ஆகிவிடும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வைத்திருக்கிறது, இரண்டும் சேர்ந்தும் வரலாம். பிரேக் வகை ஆர்.சி.யில் எழுதப்படுவதில்லை, சாமானும் அதே கம்பெனியுடையது, ஆகையால் பிரச்சினை வராது என்பது பட்டறைகளில் சொல்லும் வாதம். நான் வக்கீல் இல்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கடிதம் போட்டுவிட்டுச் செய்வதே என் கட்சி. விபத்து நடந்த பிறகு சர்வேயர் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பார், அப்போது வாதம் பேசிப் பயனில்லை.

மாட்டி முடித்தாலும் நேராக வத்தலகுண்டு ரோட்டைப் பிடிக்காதீர்கள். ஆள் இல்லாத மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி 40 வரை நிறுத்திப் பாருங்கள், பின்சக்கரம் முதலில் பூட்டுகிறதா என்று வெளியே ஒருவர் நின்று பார்க்கட்டும். அப்புறம் 50-லிருந்து 10 வரை குறைத்து, நடுவில் ஆறவிட்டு, இருபது முப்பது முறை செய்தால் பேட் தட்டில் படியும். ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டிவிட்டு எல்லா நட்டையும் விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் வரிசை இது: இந்த வாரம் ஆயிலை மாற்றுங்கள், நான்கு டிரம்மையும் கழற்றிப் பாருங்கள், வீல் சிலிண்டர் கப்பும் ரப்பர் ஹோஸும் புதிதாகப் போடுங்கள். அதோடு ஒருமுறை சிறுமலைக்கு இரண்டாம் கியரில் ஏறி இறங்கிவிட்டு டிஸ்க்கைப் பற்றி முடிவு செய்யலாம். காயலான் கடைக்காரரிடம் அந்த வண்டி பெட்ரோலா டீசலா, பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் இன்னும் அதிலேயே இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். உங்கள் டிரம்களின் உள்விட்டத்தை ஒவ்வொன்றிலும் நான்கு இடத்தில் அளந்து இங்கே எழுதினால், கடையக் கொடுக்கலாமா வேறு டிரம் தேட வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.